கரிசல் காத்திருக்கும், தவணை காத்திருக்காது

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குகளில் ஒரு காய்ந்த இலையும் உண்டு. நாம் நிலாவாரை என்போம். ஏற்றுமதிக்காரர்கள் சென்னா என்பார்கள். மலச்சிக்கல் மருந்து தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இது வேண்டும். ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் நூற்றாண்டுக்கும் மேலாக உலகச் சந்தையில் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. தருவைகுளம், வைப்பாறு, வேம்பார் என்று உப்பளங்களைத் தாண்டி வடக்கே போய், மேற்கே விளாத்திகுளம் பக்கம் திரும்பினால் மண் கறுத்துவிடும். அந்தக் கரிசல் மண்ணில்தான் இந்த இலை விளைகிறது. கூடவே உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய், பருத்தி, கொஞ்சம் கம்பும் குதிரைவாலியும்.

விதைப்பது, களை எடுப்பது, இலை உருவுவது, மிளகாய் பறிப்பது, காயவைத்துத் தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். பட்டாவில் மட்டும் அவர்கள் பெயர் இருக்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடி நில அலகுகள் 14 சதவீதத்துக்கும் குறைவு. பட்டா இல்லாவிட்டால் சிட்டா இல்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க முடியாது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது. விளைச்சல் நேரத்தில் வயலில் அவள் விவசாயி. பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தால் குடும்பத் தலைவி.

அதனால் பணம் தேவைப்படும்போது அவள் போகும் இடங்கள் வேறு. கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். அதுவும் போனபின் கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம். அறுத்த சரக்கை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது அதன் எழுதாத நிபந்தனை. அதற்கும் வழி இல்லையென்றால் வட்டிக்காரர்.

இந்தக் கரையோரத்துக்கு முன்பணம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் குளியாள் குடும்பம் சீசன்வரை காலம் தள்ளியது. 1961-உடன் அந்தத் தொழில் முடிந்தது. முன்பண வழக்கம் முடியவில்லை. உப்பளத் தொழிலாளிகள், ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் வேலை இல்லாத மாதங்களுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அடுத்த சீசனில் உழைத்துக் கழிக்கிறார்கள். உடன்குடிப் பக்கம் பனையேறிகள் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வெயிலிலும் அடுப்பிலும் வெந்து பதநீர் காய்ச்சும் பெண்ணுக்கு, தான் காய்ச்சிய கருப்பட்டிக்குத் தானே விலை சொல்லும் உரிமை அந்த முன்பணத்தோடு போய்விடுகிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்ததற்குக் காரணமே இந்த மூன்று மாத இடைவெளிதான்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குள் சிறுகடன் வந்தபோது அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பெண் 40,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். வட்டிக்காரரிடம் பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். மாதம் 4,000 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் 96,000 கட்டியிருப்பாள். அசல் 40,000 அசையாமல் அப்படியே நிற்கும். அதே தொகையைத் தனியார் நுண்கடன் நிறுவனத்தில் வருடம் 24 சதவீத வட்டிக்கு, குறையும் அசல் கணக்கில் 24 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 2,115 ரூபாய். முடியும்போது வட்டியாகப் போனது பத்தாயிரத்து எழுநூறு சொச்சம். சுய உதவிக் குழு வழியாக வங்கியில் 7 சதவீதத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 1,790. மொத்த வட்டி மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

மூன்று கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தால், சிறுகடனைக் குறை சொல்ல வாய் வராது. கந்துவட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கடனும் நல்ல கடன்தான்.

தமிழ்நாட்டில் குழுக் கடனுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-இல் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டன. 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் அது தமிழகம் எங்கும் பரவியது. இன்று இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் ஒரு கோடிக்கும் மேல். பங்களாதேஷில் முகம்மது யூனுஸ் 1976-இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி, 1983-இல் கிராமீன் வங்கியாக ஆக்கியது பெரும்பாலும் கடனில் தொடங்கும் முறை. தமிழ்நாட்டுக் குழு முதலில் சேமிப்பில் தொடங்கும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அதுதான் முக்கியம்.

குழு நடக்கும் விதம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. பன்னிரண்டிலிருந்து இருபது பேர். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். மாதம் ஐம்பதோ நூறோ சேமிப்பு. அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்கு உள்கடன், ரூபாய் வட்டிக்கோ இரண்டு ரூபாய் வட்டிக்கோ. அந்த வட்டி வெளியே போகாது, குழுவின் பொதுக் கணக்கிலேயே சேரும். தீர்மான நோட்டில் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்தாகும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தர மதிப்பீடு, பிறகு சுழல்நிதி, பிறகு வங்கிக் கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியில் இரண்டாயிரம் வேண்டுமென்றால், வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் ஊக்குநர் வீட்டுக் கதவைத் தட்ட முடிகிறது. முப்பது வருடத்தில் குழுக்கள் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், வங்கிக் கடனுக்கு முன்னால் இந்த உள்கடனைத்தான் சொல்ல வேண்டும். புள்ளிவிவரப் பெருமைகளில் இது கண்ணில் படுவதில்லை. கோடிகளில் சொல்ல முடியாத சில்லறைத் தொகை என்பதால் இருக்கலாம்.

பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன. சேமிப்பு வேண்டாம், தர மதிப்பீடு வேண்டாம், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அடையாள அட்டையும் ஐந்தாறு பெண்களின் கூட்டு உத்தரவாதமும் இருந்தால் ஒரே வாரத்தில் கையில் பணம். ஒரு தெருவுக்கே நாலு கம்பெனி. ஒன்றில் வாங்கி இன்னொன்றைக் கட்டுவதும், மூன்றாவதில் வாங்கி இரண்டாவதைக் கட்டுவதும் தொடங்கியது. 2010-இல் ஆந்திரத்தில் இந்த ஓட்டம் சுவரில் மோதியது. தற்கொலைச் செய்திகள் வந்தன, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் நின்றது, நிறுவனங்கள் சரிந்தன. ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து விதிமுறைகளை வகுத்தது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பெருவெடிப்பு நடக்கவில்லை. தொழில் மட்டும் வளர்ந்தது. நாட்டிலேயே நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்களின் வரிசையில் பீகாரோடு தமிழ்நாடும் முன்னால் நிற்கிறது.

கந்துவட்டி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. 2003-இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், இரண்டு சிறு குழந்தைகளோடு, தீயில் கருகியது. மனுக் கொடுத்துக் கொடுத்துப் பயனில்லாமல் போனபின் நடந்தது அது. நுண்கடன் நிறுவனங்கள் ஊர் ஊராக வந்துவிட்ட காலத்தில்தான் இதுவும் நடந்தது. தவணைக்குப் பணம் புரளாத வாரத்தில் வட்டிக்காரரிடம் போவதுதான் வழக்கம். ஒழுங்கான கடனைக் கட்டுவதற்காகக் கந்துவட்டி வாங்கும் வீடுகள் கரிசலில் அபூர்வமல்ல.

ஏன் தவணைக்குப் பணம் புரளவில்லை? சோம்பலா, ஊதாரித்தனமா? கரிசலின் காலக்கணக்கைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் மழை குறைவு; பெய்வதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். புரட்டாசிப் பட்டத்தில் மழையை நம்பிப் புழுதியிலேயே விதை போடுகிறார்கள். மழை ஐப்பசியில் பிடித்தால் முளைக்கும். இல்லாவிட்டால் இன்னொரு தடவை விதை, இன்னொரு தடவை உழவுக்கூலி. எல்லாம் சரியாக நடந்தால் உளுந்தும் பாசியும் மார்கழியில் களத்துக்கு வரும். மக்காச்சோளம் தையில். மிளகாயும் பருத்தியும் மாசி, பங்குனிவரை பறிப்பில் இருக்கும். சித்திரைக்குப் பிறகு நிலம் சும்மா கிடக்கும். ஆக, வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பணம் வரும்.

கடனோ ஆவணியில் வாங்கப்படுகிறது. அடுத்த வாரமே, அல்லது அடுத்த மாதமே, தவணை தொடங்குகிறது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதமும் நிலத்துக்குள் பணம் போய்க்கொண்டிருக்கும். ஒரு பைசா வெளியே வராது. எனவே கடன் வாங்கிய 40,000-இல் ஐந்தாறாயிரத்தைத் தனியே முடிந்து வைத்து, அதிலிருந்தே முதல் தவணைகளைக் கட்டுகிறார்கள். அதாவது, வட்டி கொடுத்து வாங்கிய பணத்தைப் பயிருக்குப் போடாமல், கடன் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். முதல் களை எடுப்போடு அதுவும் தீர்ந்துவிடும். பிறகு நூறு நாள் வேலைக் கூலி, பீடி சுற்றுக் கூலி, கணவன் திருப்பூரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ அனுப்புவது என்று எங்கெங்கோ திரட்டிக் கட்ட வேண்டியதுதான். வயலுக்கென்று வாங்கிய கடனை வயல் அடைப்பதில்லை.

இதே கடன், கடலுக்குள் வேறு மாதிரி வேலை செய்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊர்களில், 2000-க்குப் பிறகு கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்ப்பு பரவியது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் தொழில்நுட்பம் கொடுத்தது. பெப்சி நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. அதனால் ஊர்க்காரர்கள் அதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ நாற்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வளர்ந்திருக்கும். ஒரு பகுதியை அடுத்த நாற்றுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் காயவைத்து விற்கலாம். வாங்க ஆளும் நிச்சயம், வருமானம் வரும் நாளும் ஏறக்குறைய நிச்சயம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை பணம் பார்க்கும் வீட்டுக்கு மாதத் தவணை பெரிய பாரமாகத் தெரியவில்லை. கரிசல் பெண்ணிடம் இல்லாத எந்தத் திறமையும் கடலோரப் பெண்ணிடம் இல்லை. பயிரின் காலம்தான் வேறு.

ஆனால் 2013-ஐ ஒட்டிக் கடல் நீர் சூடேறி, பாசி மொத்தமாகக் கருகியது. மிதவைகள் காலியாயின. பலர் பழையபடி மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இயற்கைப் பாசி எடுக்கப் போனார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் அவை. வனத்துறையோடு உரசல் வேறு. இதே வளைகுடாவில் உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையும் கடலை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் காட்ட, கிராமக் குழுக்கள் வழியாகச் சிறுகடன் கொடுத்துப் பார்த்திருக்கிறது. ராமநாதபுரம் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். சூடு தாங்கும் நாற்று அங்கிருந்து கிடைத்தால் கடன் பேச்சை மறுபடியும் எடுக்கலாம்.

கரிசலில் தவணைக்குப் பொருந்திவரும் ஒன்று உண்டு: ஆடு. கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தின் கறுப்புக் கன்னி ஆடு வறட்சி தாங்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். விளாத்திகுளம் பக்கத்து வேம்பூரின் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. இரண்டு பெட்டை ஆடு வாங்கக் கடன் எடுத்த பெண், குட்டி பெருத்ததும் அவசரத்துக்கு ஒன்றை விற்கலாம். மிச்சம் கொட்டிலில் நிற்கும். ஆடு அவள் பெயரில் இருக்கப் பட்டா வேண்டாம், வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டாம். குழுக் கடனில் ஆடும் கறவை மாடும் வாங்குவது இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அதிகாரிகளின் திட்ட வழிகாட்டி மட்டும் காரணமல்ல, பெண்களே போட்டுவைத்திருக்கும் மனக்கணக்கும் காரணம்.

சிறுகடன் கொஞ்சம் உதவும், எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதைத்தான் உலக ஆய்வுகளும் ஏறத்தாழச் சொல்கின்றன. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, பாதியில் மட்டும் 2005-ஐ ஒட்டி நுண்கடன் கிளைகளைத் திறக்கவைத்து ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதைப் பெருக்கினார்கள். வீட்டுச் சாமான் வாங்கினார்கள், வெட்டிச் செலவைக் குறைத்தார்கள். ஆனால் குடும்பங்களின் மொத்த நுகர்வு உயரவில்லை; வீட்டு முடிவுகளில் பெண்களின் குரலும் கூடவில்லை. 2015-இல் எத்தியோப்பியா, மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, போஸ்னியா ஆகிய நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு அதே போக்கில்தான் இருந்தது: கொஞ்சம் நல்லது நடக்கிறது, வறுமை போய்விடவில்லை. பானர்ஜியும் டுஃப்லோவும் 2019-இல் நோபல் பெற்றார்கள். அதற்கு 13 வருடம் முன்பு, 2006-இல், நுண்கடனால் வறுமையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம் என்று நம்பிய யூனுஸும் நோபல் பெற்றார். இரண்டு பரிசுகளுக்கும் இடையில் உலகம் கற்றுக்கொண்டது நிறைய.

தமிழ்நாட்டின் சொந்தக் கணக்கிலும் இந்த முரண் இருக்கிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், 2019-21-இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தான். நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி, தமிழகத்து விவசாயக் குடும்பங்களில் 65.1 சதவீதம் கடனில் இருந்தன. அகில இந்திய அளவு 50.2. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் இங்கே ஒரு லட்சத்துக்கும் மேல், அங்கே 74 ஆயிரம். ரேஷன் அரிசியும் சத்துணவும் அரசு ஆஸ்பத்திரியும் பட்டினியை விரட்டின. கையிருப்பு என்ற ஒன்றை அவற்றால் உண்டாக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் கடன் வந்து உட்கார்ந்தது.

அது எவ்வளவு ஆபத்தான இடம் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் மண்மூடின. உப்பளங்கள் நீரில் மூழ்கின. கரிசலில் அறுவடைக்கு நின்ற உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்தன. ஆடு மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பயிரும் போய், கடனில் வாங்கிய ஆடும் போய், தவணைத் தேதி மட்டும் மிஞ்சியது. அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கு ஆயிரம் கோடி ரூபாய் தொகுப்பு அறிவித்தது, அதில் குழுக்களுக்குப் புதுக் கடனும் இருந்தது. வெள்ளத்தில் பழைய கடனின் ஆதாரமே அடித்துப்போன பெண்ணுக்கு மேலும் ஒரு கடன் நிவாரணமாகுமா என்ற கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருக்கலாம்.

தள்ளுபடியும் நடந்திருக்கிறது. கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக 2021 ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. கூட்டுறவில் வாங்கியவர்களுக்கு அது கிடைத்தது; தனியாரிடம் 24 சதவீதத்துக்கு வாங்கியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதிகம் நெருக்கப்பட்டவர்கள்தான் விடுபட்டார்கள்.

செய்யக்கூடியது கைக்கு எட்டாத காரியமல்ல. பட்டாதாரர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனுக்கு மாதத் தவணை கிடையாது. அறுவடைக்குப் பின் மொத்தமாகக் கட்டலாம், கெடுவுக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. நிலமற்ற, குத்தகை விவசாயிகளுக்கு நான்கு முதல் பத்துப் பேர் கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழுக்களை நபார்டு நீண்ட காலமாக அனுமதிக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து, மானாவாரிப் பெண்கள் குழுக்களுக்குப் புரட்டாசியில் கடன், தை முதல் பங்குனிக்குள் திருப்பிச் செலுத்தல், மழை பொய்த்தால் தானாக ஒரு பட்டம் தள்ளிவைப்பு என்று எழுதிவிட எந்த வங்கிக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. மனம்தான் தேவை. கூடவே, அறுவடை நேரத்தில் விலை விழும்போது உளுந்தை இரண்டு மாதம் வைத்திருக்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கி. அது இல்லாமல் 7 சதவீத வட்டிக்குக் கொடுத்தாலும், மிச்சப்பட்டது கமிஷன் கடைக்குத்தான் போய்ச்சேரும்.

அதுவரை, குழுக் கூட்டங்களில் உரக்க வாசிக்க வேண்டிய சில விதிகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் அமலாக்கியவை. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக யாரும் போன் போட்டு நெருக்கக் கூடாது. மீறி மிரட்டினால், 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய வலுக்கட்டாய வசூல் தடுப்புச் சட்டத்தின்கீழ் மூன்று வருடம்வரை சிறையும் ஐந்து லட்சம்வரை அபராதமும் உண்டு. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் இதற்கு மனுக் கொடுக்கலாம். குழுவாகப் போய்க் கொடுப்பது நல்லது.